புல்லட்டா, யெஸ்டியா, ஆர்எக்ஸா? பெங்களூரில் பழைய வண்டி கட்டுவதற்கு முன்

பொங்கல் லீவு முடிந்த முதல் ஞாயிறு, தங்கச்சி மகன் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனை நீட்டினான். திரையில் ஒரு கறுப்பு வண்டி. பின் மட்கார்டு கிடையாது, ஒற்றை சீட்டு, தடித்த டயர், சைலன்சரைச் சுற்றி வெள்ளைத் துணி.

"மாமா, கையில ஒன்னே முக்கால் லட்சம் இருக்கு. பழைய வண்டி ஒன்னு எடுத்து இப்படிக் கட்டணும். புல்லட் எடுக்கட்டுமா, யெஸ்டியா, ஆர்எக்ஸ் 100-ஆ?"

"கெட்டுப்போனா யார்கிட்ட தள்ளிட்டுப் போவ?" என்று கேட்டேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. குதிரைத்திறன், சத்தம், ஸ்டைல் என்று பேசத் தயாராக வந்தவன். ஆனால் முப்பது வருஷமாக இந்த ஊரில் பழைய வண்டி வைத்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்த வண்டி என்ற கேள்விக்குப் பாதி பதில் உன் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிற பட்டறையில்தான் இருக்கிறது. மீதிப் பாதி ஆர்சி புத்தகத்தில். வண்டியின் அழகெல்லாம் அதற்கு அப்புறம்.

அவன் தேவையையும் சொல்லிவிடுகிறேன். வீடு லிங்கராஜபுரம். ஆபீஸுக்குப் போக வேறு வண்டி இருக்கிறது. இது ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்கு, எப்போதாவது கனகபுரா ரோட்டில், வருஷத்துக்கு இரண்டு தடவை வேலூருக்கு. ஸ்பானர் பிடிக்கத் தெரியாது, கற்றுக்கொள்ள ஆசை உண்டு. உங்கள் தேவை வேறு என்றால் கடைசியில் நான் சொல்லும் முடிவும் உங்களுக்கு வேறாகத்தான் இருக்கும்.

இரண்டு யோசனைகளை முதலிலேயே தள்ளிவிட்டோம். ஒன்று ராஜ்தூத் 350. 1983-இல் எஸ்கார்ட்ஸ் யமஹாவின் ஆர்டி 350-ஐ இங்கே கொண்டுவந்தது. இரட்டை சிலிண்டர், ஆறு கியர். முதலில் வந்தது 30.5 குதிரைத்திறன், மைலேஜுக்காகக் கொஞ்சம் அடக்கி விட்டது 27. அந்தக் காலத்து ரோட்டில் அது ராக்கெட். இன்று உருப்படியான ஒன்றுக்கு அவன் கையிருப்பைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார்கள். இன்னொன்று, ஷோரூமில் பழைய பேரோடு கிடைக்கிற புது ஜாவா, யெஸ்டி, கிளாசிக் 350. நல்ல வண்டிகள்தான். பழைய வண்டி வேண்டும் என்கிறவனிடம் அதைச் சொல்வது, நாய்க்குட்டி கேட்கிற பிள்ளைக்கு பொம்மை வாங்கித் தருவது மாதிரி.

புல்லட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் வண்டி வர ஆரம்பித்ததிலிருந்து 2000-களின் கடைசி வரை, அந்த வார்ப்பிரும்பு சிலிண்டர் இன்ஜினின் அடிப்படை பெரிதாக மாறவே இல்லை. 346 சிசி. பிஸ்டனின் அகலம் 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 90. அந்த நீள ஸ்ட்ரோக்தான் 'டுக் டுக்'. வேகம் 18 குதிரைத்திறனுக்கு உரிய வேகம்தான், ஆனால் மூன்றாவது கியரில் ஆளை ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது அது அலட்டிக்கொள்ளாத அழகே தனி.

இத்தனை வருஷம் மாறாமல் இருந்ததால் வந்த லாபம் பெரியது. 80-களின் வண்டிக்கு 90-களின் சாமான் பெரும்பாலும் உட்காரும். ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் இல்லையென்றால் அடுத்த கடையில் இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் சிவாஜிநகரின் பழைய சாமான் சந்தையான குஜிரி. அதுவும் கைவிட்டால் ராத்திரி ரயில் ஏறிச் சென்னைப் புதுப்பேட்டை. மெக்கானிக்குக்கும் பஞ்சமில்லை. அல்சூரிலிருந்து ஆர்.டி. நகர் வரை, பழைய புல்லட்டைத் திறக்கத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் பேட்டைக்கு ஒருவர் நிச்சயம் இருக்கிறார்.

தொல்லை இல்லாமல் இல்லை. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நாள் முழுக்க வேறு வண்டி ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை இதில் ஏறினால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பீர்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும், அந்த ஒரு மாதம் ஹெப்பாள் மேம்பாலத்துக்குப் போகாதீர்கள். எண்ணெய்க் கசிவும் உண்டு. ராத்திரி நிறுத்திவைத்தால் எண்ணெய் டேங்கிலிருந்து மெல்ல அடி அறைக்கு இறங்கிவிடும், காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் தெருவே புகை. அதைப் பார்த்து "ரிங் போச்சு" என்று இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிற மெக்கானிக்கிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். பல தடவை எண்ணெய்ப் பம்பின் தேய்மானம்தான் காரணம்.

கிக்கரைப் பற்றி ஊரில் கதை நிறைய. கால் உடைந்தது, ஆள் பறந்தது என்று. முறை தெரிந்தால் ஒல்லியான பெண்பிள்ளைகூட உதைக்கலாம், என் மகள் உதைக்கிறாள். சாவியைத் திருப்பிவிட்டு, கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்திக்கொண்டே, கரண்ட் ஓட்டத்தைக் காட்டும் ஆம்ப்மீட்டரைப் பாருங்கள். முள் ஒரு பக்கம் சாயும். இன்னும் அழுத்த, ஓரிடத்தில் கெட்டியாகி நிற்கும். அப்போது முள் நடுவுக்கு வந்திருக்கும். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று அர்த்தம். இப்போது, சிலிண்டரில் அடைபட்ட காற்றை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை தள்ளுங்கள். லிவரை விடுங்கள். கிக்கர் மேலே வரட்டும். இனி ஒரே உதை, பாதியில் நிறுத்தாமல் அடிவரை. இதைச் செய்து காட்டியபோது தங்கச்சி மகன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து, சரி, இவன் புல்லட்தான் எடுப்பான் என்று நினைத்தேன்.

அப்புறம் கீழே பார்க்கிங்கில் நிற்கிற என் யெஸ்டியைப் பார்க்கப் போனோம்.

யெஸ்டியைப் பற்றி நான் நடுநிலையாகப் பேசமாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா வண்டியை மைசூரில் செய்ய இரானி குடும்பத்தார் ஐடியல் ஜாவா ஆலையைப் போட்டார்கள். 1961-இல் அதைத் திறந்துவைத்தவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். நாம் பாகம் தேடி அலைகிற ஜே.சி. ரோட்டின் 'ஜே.சி.' அவர்தான். பாதி ஆயுளை அந்த ரோட்டில் கழித்த பிறகுதான் எனக்கே இது தெரிந்தது. 1973 வாக்கில் ஜாவா என்ற பெயர் போய் யெஸ்டி வந்தது. இரானிகளின் பூர்வீகமான யஸ்த் நகரத்தின் பெயர் அது. 1978-இல் ரோட்கிங். 1996-இல் ஆலை மூடியது.

248.5 சிசி, ஒரே சிலிண்டர், அதற்கு இரண்டு சைலன்சர். 16 குதிரைத்திறன். டூ ஸ்ட்ரோக் என்பதால் வால்வு, புஷ்ராட், டேப்பட் எதுவும் கிடையாது. பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க், அவ்வளவுதான். ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஹெட்டையும் சிலிண்டரையும் ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டு வாசலில் கழற்றி, கரியைச் சுரண்டி, சாயங்காலத்துக்குள் மாட்டிவிடலாம். கிக்கரும் கியர் லிவரும் ஒரே கம்பிதான். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், ஸ்டார்ட் ஆனதும் கீழே மடக்கினால் கியர். கியரை மிதிக்கும்போதே கிளட்ச் தானாக விடும் ஏற்பாடும் உண்டு. முதல் தடவை பார்க்கிறவர்கள் "கம்பி கழன்றுவிட்டதா?" என்று கேட்பார்கள்.

பெங்களூர்க்காரர்களுக்கு யெஸ்டி ஏன் தனி என்றால், ஆலை இருந்த ஊர் மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. ஆலை மூடிய பிறகு அங்கே வேலை பார்த்தவர்களில் சிலர் பட்டறை போட்டார்கள், அவர்களிடம் தொழில் கற்றவர்கள் இங்கேயும் மைசூரிலும் இன்னும் இருக்கிறார்கள். என் மெக்கானிக் பாய் சிவாஜிநகர்க்காரர். தக்னி உருது, கன்னடம், தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுவார். ஒரு வண்டி தெருமுனை திரும்பும்போதே "லெஃப்ட் ஆயில் சீல் போயிருச்சு, கியர் ஆயிலைக் குடிக்குது" என்பார். திறந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அவருக்கு அறுபத்தெட்டு வயது. பட்டறையில் கற்றுக்கொள்ளும் பையன் யாரும் இல்லை. யெஸ்டிக்கு எதிராக நான் சொல்லக்கூடிய ஒரே கனமான காரணம் இதுதான்.

மற்றவை பழகினால் சரியாகிற காரணங்கள். பெட்ரோலோடு டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான டூ-டி ஆயிலைக் கையால் கலக்க வேண்டும், லிட்டருக்கு முப்பது நாற்பது மில்லி. மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கதை. பல வருஷம் முன்பு வேலூருக்குப் போகும் வழியில், ஓசூர் தாண்டி ஒரு பங்க்கில் டேங்க் நிரப்பினேன். பேச்சு மும்முரத்தில் ஆயில் ஊற்றவில்லை. டேங்கில் மிச்சம் இருந்த கலவையில் கொஞ்ச தூரம் ஓடியது. கிருஷ்ணகிரிக்கு முன்னால், எழுபதில் போய்க்கொண்டிருந்தபோது சத்தம் திடீரென்று மெலிந்து சீழ்க்கை மாதிரி ஆனது. இரண்டு நொடிதான். பின் சக்கரம் 'கிறீச்' என்று இழுத்தது. கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டினேன். பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துவிட்டது. புளியமர நிழலில் அரைமணி நேரம். சூடு ஆறியதும் கிக்கர் கொஞ்சம் அசைந்தது. அங்கிருந்து டூ-டி பாட்டில் வாங்கி ஊற்றி, வேலூர் வரை நாற்பதில் போனேன். பிறகு திறந்து பார்த்தபோது பிஸ்டனின் இரண்டு பக்கமும் நகத்தால் கீறியது போல நெடுங்கோடுகள். சிலிண்டரை உள்ளே குடைந்து பெரிதாக்கி, அரை மில்லி பெரிய பிஸ்டன் போட்டோம். அன்றிலிருந்து சீட்டுக்கடியில் ஒரு பாட்டில் நிரந்தரம். ஏற்காடு மாதிரி நீள இறக்கத்தில் த்ராட்டிலை முழுசாக மூடிக்கொண்டு இறங்கவும் கூடாது. பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது. நடுவில் நடுவில் ஒரு முறுக்கு கொடுத்துக்கொண்டே வரவேண்டும்.

சில்க் போர்டு ஜங்ஷனில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தால் பிளக் கரி பிடித்து அணையும். ஸ்பேர் பிளக்கும் பிளக் ஸ்பானரும் பையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. சட்டை கறுக்கும்.

பெட்ரோல் பேச்சு வந்துவிட்டது. இது மூன்று வண்டிக்கும் பொது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தியதே இந்த ஊரில்தான். பழைய வண்டியின் ரப்பர் டியூப், டேங்க் டேப்பின் வாஷர், கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் எதுவும் எத்தனாலுக்காகச் செய்தவை இல்லை. ஊதும், வெடிக்கும், பிசுபிசுக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கிற சரக்கு வேறு. ஞாயிறு மட்டும் ஓடுகிற வண்டியின் டேங்கில் வாரக்கணக்கில் நின்றால் உள்ளே துரு. கட்டும்போதே டியூபையும் ரப்பரையும் எத்தனால் தாங்குகிற வகைக்கு மாற்றிவிட வேண்டும். எத்தனால் கலப்பால், இன்ஜினுக்குள் போகும் காற்று-பெட்ரோல் கலவை மெலிவதும் உண்டு. அது டூ ஸ்ட்ரோக்குக்கு ஆபத்து, சூடு ஏறிப் பிஸ்டன் பிடிக்கும். இதற்கு நேர் எதிராக இன்னொன்று: பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். காற்று மெல்லிசு. சென்னையில் ஒழுங்காக ஓடிய வண்டி இங்கே வந்ததும் பெட்ரோல் அதிகம் குடித்துக் கறுப்புப் புகை விடலாம். ஆகவே யாரோ ஒருவர் சொன்ன ஜெட் நம்பரை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையின் அளவு) அப்படியே போடாதீர்கள். ஒரு ஓட்டம் ஓட்டி, பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். காபித்தூள் நிறம் என்றால் சரி, வெள்ளை என்றால் உடனே நிறுத்துங்கள், கறுப்பு என்றால் ஜெட் ஒரு அளவு சின்னதாக.

யமஹாவின் ஆர்எக்ஸ் 100 பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், கொஞ்சம் எரிச்சலோடும். 1985-இல் வந்து 1996-இல் நின்ற வண்டி. 98 சிசியில் 11 குதிரைத்திறன், எடையோ நூறு கிலோ அளவுதான். அந்தக் கணக்கிலேயே எல்லாம் இருக்கிறது. இரண்டாவது கியரில் முறுக்கினால் இன்றைக்கும் எதிரே இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப், கையால் கலக்கும் தொல்லை இல்லை. மூன்றில் ஊருக்குள் ஓட்ட இதுதான் இலகு. மெக்கானிக்கும் எங்கேயும் உண்டு.

எரிச்சல் விலையிலும் ஆர்சியிலும். நானும் அவனும் போய்ப் பார்த்த ஐந்து ஆர்எக்ஸில், இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்சியோடு ஒத்துப்போனது இரண்டு. ஒன்றில் ஆர்எக்ஸ் 135-இன் சிலிண்டர். இன்னொன்றில் சேஸிஸ் நம்பரைச் சுற்றிப் புதுப் பெயிண்ட், விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரிந்தது. அதற்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கேட்டார்கள், "ஃபுல் ரீஸ்டோர்டு அண்ணா" என்று. திருட்டுக்குப் பேர்போன வண்டி என்பதால், அவ்வளவு பணம் கொடுத்து வாங்கி ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடப்பதா? கஸ்டம் கட்டுவதற்கும் அது தோதில்லை. அதன் உடம்பு மெல்லிசு. தடித்த டயரையும் அகல ஹேண்டிலையும் போட்டால், ஒல்லிப் பையன் அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். ஆர்எக்ஸ் எடுத்தால் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வண்டி என்பதைவிடப் பெரிய கேள்வி இனிமேல்தான். கம்பெனியில் வந்த கோலத்துக்கே மீட்டெடுப்பதா, வெட்டிக் கட்டுவதா?

என்னிடம் ஒரு புல்லட் இருந்தது, 1984 மாடல். 2013-இல் எனக்கும் இதே ஆசை வந்தது. ஊருக்குள் ஒரு பட்டறையில் கொடுத்தேன். படம் வரைந்து காட்டினார்கள், அழகாக இருந்தது. பின் சேஸிஸை வெட்டி வளைத்து ஒற்றை சீட்டுப் போட்டார்கள். ஐந்து மாதம் என்று சொன்னது பதினொரு மாதம் ஆனது. வண்டி வந்த முதல் நாள் பார்க்க ராஜா. ஐம்பதைத் தாண்டியதும் ஹேண்டில் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. நூல் பிடித்துப் பார்த்தால் பின் சக்கரம் முன் சக்கரத்தின் கோட்டில் இல்லை. வெல்டிங் பண்ணும்போது, நேராகப் பிடித்துவைக்கும் இரும்புச் சட்டத்தில் கட்டாமல் பண்ணியிருக்கிறார்கள், சூட்டில் குழாய் இழுத்துக்கொண்டது. 2014-இல் அந்த வண்டியின் ஆர்சியைப் புதுப்பிக்கவேண்டிய நாள் வந்தது. ஆய்வாளர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஆர்சியைப் பார்த்து, கன்னடத்தில் ஒரே கேள்வி கேட்டார்: இதில் இரண்டு பேர் உட்காரலாம் என்று போட்டிருக்கிறது, இரண்டாவது ஆள் எங்கே உட்காருவார்?

பதில் இல்லை. பழைய மட்கார்டு, சீட்டு, டூல் பாக்ஸ் எல்லாவற்றையும் பட்டறைக்காரர்கள் எடைக்குப் போட்டிருந்தார்கள். வெட்டின இடத்தில் வேறு ஒரு சேஸிஸின் வாலைப் பொருத்தி, சாமான் தேடி, பழையபடி ஆக்குவதற்குக் கட்டினதைவிட அதிகம் செலவு. அப்புறம் அந்த வண்டியை விற்றுவிட்டேன். இப்போதும் யாராவது இடது பக்கம் சாய்ந்து ஓட்டுவதைப் பார்த்தால் அதுவாக இருக்குமோ என்று தோன்றும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்சிக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. நிறம் மாற்றினால்கூட ஆர்சியில் ஏற்றவேண்டும். ரோட்டில் பாதி கஸ்டம் வண்டிகள் ஓடத்தானே செய்கின்றன என்பார்கள். ஓடுகின்றன, நிறுத்தும் வரை. விபத்து என்று ஒன்று வந்து இன்சூரன்ஸ்காரர் வண்டியைப் பார்க்க வரும்போதுதான் விஷயம் கனக்கும்.

50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் தனி விதி வந்தது. சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல உருவத்தில் இருந்தால் வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபதிவு 5,000. நம்பர் பிளேட்டில் 'விஏ' என்று வரும். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடப் போவது, ரிப்பேர் போன்றவற்றுக்குத்தான். ஆகவே பழைய ஆர்சி உயிரோடு இருந்தால் அதையே ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டு போவதுதான் ஓட்டுகிறவனுக்கு நல்லது. வின்டேஜ் கதவு பின்னால் திறந்திருக்கட்டும். 60-களின் ஜாவாவை வெட்டினால் அந்தக் கதவை ஆணி அடித்து மூடுகிறீர்கள். என்னைக் கேட்டால் அது பாவம்.

வெட்டாமலே கட்ட வழி இருக்கிறது, நான் அவனுக்குச் சொன்னது அதைத்தான். போல்ட் கழற்றி மாட்டுவதோடு நிறுத்திக்கொள்வது. ஹேண்டில், சீட்டு, இண்டிகேட்டர், கண்ணாடி, டயரின் பூ. இரண்டு பேர் சீட்டையே தட்டையாக, தையல் போட்டு, நல்ல தோல் நிறத்தில் செய்துகொள்ளலாம். சிவாஜிநகரில் சீட்டுத் தைக்கிறவர்கள் சொன்னபடி செய்து தருவார்கள். கழற்றின ஒவ்வொரு சாமானையும் எண்ணெய் தடவி, பேப்பரில் சுற்றி, எந்த இடத்து சாமான் என்று எழுதிப் பரணில் போடு. சைலன்சரைச் சுற்றின வெள்ளைத் துணி மட்டும் வேண்டாம். மழைத் தண்ணீர் உள்ளே தங்கி அடியில் துரு தின்றுகொண்டிருப்பது வெளியே தெரியாது. இதற்கு மட்டும் அவன் முகம் சுருங்கியது.

இந்த மாதிரிக் கட்ட எது தோது? புல்லட்தான், சந்தேகமே இல்லை. வெளிச் சாமான் அத்தனை வகை கிடைக்கிறது. யெஸ்டிக்குக் கையால் செய்யவேண்டியிருக்கும். ஆனால் ரோட்கிங்கில் ஹேண்டிலை அகலமாக்கி, பட்டன் டயர் போட்டு, முன் மட்கார்டைக் கொஞ்சம் உயர்த்தினாலே ஆள் வேறு மாதிரி ஆகிவிடும். அதற்கு மேல் எதுவும் தேவைப்படாத உடம்பு அது.

யாரோ கட்டி முடித்ததை வாங்குவது நாலாவது வழி. கட்டினவர் செலவழித்ததில் பாதிக்குக் கிடைக்கும், ஏனென்றால் அடுத்தவர் ரசனைக்கு யாரும் முழு விலை தருவதில்லை. ஆனால் உள்ளே என்ன வெல்டிங் என்று பெயிண்டுக்கு மேலிருந்து தெரியாது. என் புல்லட்டை வாங்கினவரைக் கேளுங்கள்.

ஆர்சி பார்ப்பது எப்படி என்று அவனுக்கு ஒரு முழு சாயங்காலம் பாடம் எடுத்தேன். ஹேண்டில் கழுத்துப் பக்கம் இருக்கும் சேஸிஸ் நம்பரின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கவேண்டும். எழுத்து ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் விழுகிறதா? இன்ஜின் நம்பரும் அப்படியே. பிறகு ஆர்சியில் பேர் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்வி. பழைய வண்டியில் இது முக்கியம். சிஏ, எம்ஒய் என்று தொடங்கும் பழைய கர்நாடக நம்பர் வண்டியை அப்பா வாங்கி, அப்பா போய், பிள்ளைகள் பேர் மாற்றாமலே விட்டிருப்பார்கள். வாரிசுச் சான்று, அத்தனை பேரின் கையெழுத்து, ஒரு பிள்ளை துபாயில். விலை குறைவாக இருந்தாலும் நகர்ந்துவிடுவது நல்லது.

நம் ஆட்களுக்கு இன்னொரு ஆசை, ஊரில் மாமாவோ தாத்தாவோ விட்டுப்போன வண்டியைக் கொண்டுவருவது. தமிழ்நாட்டு வண்டியை இங்கே நிரந்தரமாக வைத்து ஓட்ட, அங்கே ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, புது நம்பர் எடுக்கவேண்டும். தாத்தா வண்டியின் பழைய நம்பர் போய்விடும், பலருக்கு அதுதான் வலிக்கும். டில்லியிலிருந்து மலிவாக வருகிற வண்டிகளிலும் கவனம் வேண்டும். அங்கே 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு இருக்கும் தடையால்தான் மலிவு. பதிவு ரத்தானதா, என்ஓசி உண்மையானதா என்று பார்க்காமல் லாரியில் ஏற்றச் சொல்லாதீர்கள்.

பணக் கணக்கு, எங்களிடம் கேட்ட விலைகளை வைத்து. ஓடுகிற நிலையில் ஆர்சி ஒழுங்கான 80-களின் புல்லட் தொண்ணூறாயிரத்திலிருந்து. ரோட்கிங்கும் கிட்டத்தட்ட அதே. இன்ஜின் வேலை புல்லட்டுக்கு முப்பது முப்பத்தைந்து, யெஸ்டிக்குக் கிராங்க் பிரித்துக் கட்டினாலும் இருபத்தைந்துக்குள். பெயிண்ட், குரோம், வயரிங், டயர் எல்லாம் சேர்ந்து இரண்டுக்கும் ஒரே அளவு, நாற்பதுக்கு மேல். குரோமுக்குக் கேட்கிற தொகையைக் கேட்டால் வீட்டுப் பாத்திரத்தையே பார்க்கத் தோன்றும். வேலைக்கு எந்தக் கணக்கு போட்டாலும் அதன் மேலே இருபது சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரித்த பிறகுதான் வண்டி வாயைத் திறக்கும்.

ஒன்றே முக்கால் லட்சத்தில், நானாக இருந்தால் யெஸ்டி. கற்றுக்கொள்ள ஆசை இருப்பதால், பாய் இன்னும் பட்டறை திறப்பதால், மைசூர் பக்கத்தில் இருப்பதால். கற்றுக்கொள்ள நேரமில்லை, கெட்டால் எங்கேயாவது கொடுத்து வாங்கிக்கொள்வேன் என்கிறவருக்கு என் பதில் புல்லட். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர், ஆர்சி சுத்தமான ஆர்எக்ஸ் தெரிந்தவர் வீட்டிலிருந்து வந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

அவன் புல்லட்தான் எடுப்பான் என்று நினைத்தேன் என்றேனே. மார்ச்சில் பிரேசர் டவுனில் ஒரு வீட்டில் 1987 ரோட்கிங் இருப்பதாகப் பாய் சொன்னார். ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் முதல் கையாக வாங்கி, ஆர்சியை அவரே புதுப்பித்து வைத்திருந்தார். வலது பக்க மூடியைக் கழற்றி, கிராங்கின் முனையில் சுழலும் ரோட்டரை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான் பையன், நான் சொல்லாமலே. கிராங்கில் லேசான ஆட்டம். "பேரிங் மாத்தணும் மாமா" என்றான். பெரியவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். விலை எண்பத்தெட்டுக்கு முடிந்தது.

இப்போது இன்ஜின் பாய் பட்டறையில் மூன்று டப்பாக்களில் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் இவன் போய், டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சாமான் கழுவுகிறான். போன வாரம் கிராங்க் பிரஸ்ஸிலிருந்து வந்தது. பாய் அதை இரண்டு கூர்முனைகளுக்கு நடுவில் வைத்துச் சுற்றி, டயல் முள்ளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். முள் நகர்ந்தால் கிராங்க் இன்னும் நேராகவில்லை என்று அர்த்தம். முள் நகர்கிறதா என்று கேட்டதற்கு இவன் இல்லை என்றிருக்கிறான். "நல்லாப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் தொழுகைக்குப் போய்விட்டாராம். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தானாம். ஒரு மயிரிழை நகர்கிறதாம்.